தீப்பொறி கேட்காத எண்ணெய்: ஆலையில் டீசலுக்கு என்ன வேலை?

நூற்பாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராகப் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தது வணிகவியல். மாதந்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல் உங்கள் கையெழுத்தின் பேரில் உள்ளே வருகிறது. அது உண்மையில் என்ன பொருள், பெட்ரோல் ஏன் தொழிற்சாலைக்கு ஆகவில்லை, எந்தெந்தத் தொழில்கள் டீசலை நம்பியிருக்கின்றன, நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஜெனரேட்டர் அறையிலும் பாய்லர் பக்கத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

தொழிற்சாலை வேலைக்கென்று விற்கப்பட்ட முதல் டீசல் என்ஜின், ஜெர்மனியின் கெம்ப்டன் நகரில் இருந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனது. ஆண்டு 1898, திறன் 60 குதிரைசக்தி. தீக்குச்சி செய்து விற்றவர்கள், பற்றவைக்கத் தீக்குச்சியோ தீப்பொறியோ கேட்காத ஒரு என்ஜினை வாங்கினார்கள். சிவகாசிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

பொறி கேட்காது என்றேன் அல்லவா, டீசலைப் பற்றிய மற்ற எல்லாமே அதிலிருந்து கிளைப்பதுதான். சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்று அடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். காற்றை நெருக்கினால் சூடாகும். டீசல் என்ஜின் வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தத் தகிக்கும் காற்றுக்குள் டீசலைப் பனிபோலப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும், ஏனென்றால் டீசல் தானே தீப்பிடிக்க 210 முதல் 250 டிகிரி வரை இருந்தாலே போதும். பெட்ரோல் என்ஜினிலோ பெட்ரோலும் காற்றும் கலந்தே உள்ளே வருகின்றன. அவ்வளவு நெருக்கினால் நேரம் கெட்ட நேரத்தில் வெடித்துவிடும். ஆகவே பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் நெருக்கி, சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக்கால் பொறி தட்ட வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நான்கு ஆண்டுகள் ஆக்ஸ்பர்க் நகர ஆலையில் பாடுபட்ட பிறகு, 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் ஒருவர் முன்னிலையில் என்ஜினை ஓட்டிக் காட்டினார். எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி என்ஜின்கள் பலவும் பத்து சதவீதத்தைத் தொடவே திணறிய காலம் அது. பெரிய முதலாளிகளின் நீராவி ஆலைகளோடு சிறு பட்டறைக்காரர்களும் போட்டியிட வழி செய்ய வேண்டும் என்பது ருடால்ஃப் டீசலின் ஆசை. முதலில் நிலக்கரித் தூளை எரிக்க எண்ணியிருந்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்க்கு அவர் பெயர் நிலைத்துப்போனது பிற்பாடுதான். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், இரவில் காணாமல் போய்ப் பின்னர் கடலில் பிணமாகக் கிடைத்தார். தற்கொலையா கொலையா என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். கச்சா எண்ணெயைச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், இலேசான பகுதிகள் மேலே ஏறும், கனமானவை கீழே தங்கும். சமையல் வாயு, பெட்ரோல் வகைகள், மண்ணெண்ணெய், அதற்கடுத்து டீசல், அடியில் உலை எண்ணெயும் தாரும் என்பது வரிசை. சென்னை மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இரவில் தெரியும் வெளிச்சக் கோபுரங்களில் நடப்பது இதுதான். டீசல் கொதிப்பது ஏறத்தாழ 180 முதல் 360 டிகிரி வரை. ஒரே பொருளாக இருந்தால் ஒரே வெப்பத்தில் கொதித்திருக்கும். டீசல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால்தான் இந்த நீண்ட இடைவெளி.

நம் நாட்டில் பங்க்கில் கிடைப்பது ‘ஹை ஸ்பீட் டீசல்’. உங்கள் பில்லில் எச்.எஸ்.டி. என்று இருக்கும். எல்.டி.ஓ. என்ற ‘லைட் டீசல் ஆயில்’ வேறு சரக்கு. அதில் கோபுரத்தின் அடியில் தங்கும் கனமான எண்ணெய் கொஞ்சம் கலந்திருக்கும். மெதுவாகச் சுற்றும் பழைய என்ஜின்களுக்கும் பர்னர்களுக்கும் அது ஆகும், இன்றைய ஜெனரேட்டருக்கு ஆகவே ஆகாது. ஃபர்னஸ் ஆயில் எனும் உலை எண்ணெய் அதைவிடக் கெட்டி. சூடாக்காமல் குழாயில் ஓடாது, கந்தகமும் அதிகம். பெயரில் ‘லைட்’ இருக்கிறது, விலையும் குறைவு என்று எல்.டி.ஓ. வாங்கிப் பம்பைப் பாழாக்கிய ஆலைகள் உண்டு. உங்கள் மேசைக்கு அந்த யோசனை வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்ரோல் ஏன் ஆலைக்கு ஆகவில்லை என்ற கேள்விக்கு முதல் விடை, வெப்பம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. மின்வாரியக் கணக்கில் பத்து யூனிட் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சுலபம். பெட்ரோலில் லிட்டருக்கு அதைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு. தவிர, டீசல் என்ஜின் காற்றை அதிகம் நெருக்குவதால் அந்த வெப்பத்திலிருந்து கூடுதலாக வேலை வாங்குகிறது. நல்ல நிலையில் உள்ள ஆலை ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை கொடுக்கும். மீதி ஆறு யூனிட் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வானத்துக்குப் போகிறது. உங்கள் பதிவேட்டில் லிட்டருக்கு மூன்றுக்குக் கீழே விழுந்தால் என்ஜினில் கோளாறு, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. எனக்கு இரண்டு அனுபவமும் உண்டு.

அடுத்து, தீ ஆபத்து. பெட்ரோல் பனிக்கட்டி உறையும் குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. டீசலின் ஆவி பற்றுவதற்கு எண்ணெய் முதலில் ஓரளவு சூடாக வேண்டும். அந்த வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம், ஐரோப்பாவில் 55. பத்தாயிரம் லிட்டரை ஆலை வளாகத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடிவது இதனால்தான். அதற்காக டீசல் தொட்டி அருகே பீடி பற்றவைக்கலாம் என்று யாராவது வேடிக்கை காட்டினால் உடனே வெளியேற்றுங்கள். நம் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 35 டிகிரி என்பது ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று, உழைப்பு. அந்த நெருக்கலைத் தாங்க டீசல் என்ஜினின் உடம்பு கனமாக வார்க்கப்படுகிறது. கனமான உடம்பு நீண்ட நாள் உழைக்கும். மெதுவாகச் சுற்றும்போதே இழுவிசை அதிகம். பொறி தட்டும் காயில், பிளக், உயர் மின்னழுத்தக் கம்பி எதுவும் இல்லாததால் ஈரத்துக்கும் பெரிதாகப் பயப்படாது. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் உப்புத் தண்ணீர் தெறிக்கும் விசைப்படகுக்குள் டீசல் என்ஜின் உழைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பெட்ரோல் என்ஜினை அங்கே இறக்கி வைத்தால் வாரம் ஒரு முறை மெக்கானிக்கும் படகில் போக வேண்டியிருக்கும்.

எந்தெந்தத் தொழில்கள் என்று கேட்டீர்கள். லாரி, பஸ், டிராக்டர் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணற்று மேட்டில் மாட்டுக்குப் பதிலாக உட்கார்ந்தது ‘ஆயில் என்ஜின்’. மின்சாரக் கம்பி எட்டாத உப்பளங்களிலும் ஆற்றங்கரைகளிலும் அதன் டக்டக் ஓசையை இன்றும் கேட்கலாம்.

கொங்குப் பக்கத்துக்காரன் என்பதால் திருச்செங்கோட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த ரிக் வண்டியின் பதிவெண்ணையும் ஓட்டுநரின் பேச்சையும் கவனியுங்கள், பெரும்பாலும் திருச்செங்கோட்டுத் தொடர்பு வெளிப்படும். பாறையைத் துளைக்கும் சுத்தியல் துளையின் அடியில் இருக்கிறது. அதை அடிக்க வைப்பதும், உடைந்த துகளை நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து மேலே ஊதித் தள்ளுவதும் அழுத்தக் காற்று. அந்தக் காற்றை உண்டாக்கும் கம்ப்ரெசரைச் சுழற்றுவது டீசல். அடிக்கு இவ்வளவு என்று ரிக்காரர் சொல்லும் கூலியில் பெரும்பங்கு டீசல்தான். டீசல் விலை ஏறிய மறுவாரமே அடிக்கூலி ஏறுவதன் காரணம் இதுவே.

ரயிலில் ஒரு விசித்திரம். டீசல் ரயில் என்ஜினில் டீசல் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. என்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்கிறது, அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுற்றுகிறது. ஆக, அது ஓடும் ஜெனரேட்டர். ஆயிரக்கணக்கான டன் சரக்கை நின்ற இடத்திலிருந்து குலுக்காமல் இழுக்கக் கிளட்சும் கியரும் தாங்காது என்பதால் இந்தச் சுற்றுவழி. சுரங்கங்களில் ஓடும் மிகப் பெரிய டம்பர் லாரிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

கப்பல்களில் உள்ள டீசல் என்ஜின்கள் நாம் பார்க்கும் ஜெனரேட்டர்களுக்குப் பாட்டன்கள். 2006இல் வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கொள்கலன் கப்பலின் பிரதான என்ஜின் பதினான்கு சிலிண்டர் கொண்டது. எடை 2,300 டன், திறன் ஏறத்தாழ 80 மெகாவாட். நிமிடத்துக்கு நூறு சுற்றுதான் சுற்றும். இத்தகைய மெதுவான பெரிய என்ஜின்கள் எரிபொருளின் வெப்பத்தில் பாதியை வேலையாக்கிவிடும். ஆனால் அவை எரிப்பது பெரும்பாலும் டீசலை அல்ல, கெட்டியான கப்பல் எண்ணெயை. ‘டீசல் என்ஜின்’ என்றால் டீசலில் ஓடுவது என்று பொருளில்லை, நெருக்கிப் பற்றவைக்கும் முறை என்றுதான் பொருள். சென்னை பேசின்பிரிட்ஜில் 196 மெகாவாட் அளவில் இருந்த தனியார் ‘டீசல்’ மின்நிலையமும், கொழும்பு அருகே உள்ள சப்புகஸ்கந்த மின்நிலையமும் இதே கதைதான். இரண்டிலும் முக்கிய எரிபொருள் கன எண்ணெய்.

என்ஜினே இல்லாமலும் டீசலுக்கு வேலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஊரில் உள்ள பெரிய பேக்கரிக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். டிராலியோடு ரொட்டியை உள்ளே தள்ளிச் சுழலவிடும் ரோட்டரி ஓவன்களில் கணிசமானவற்றுக்கு டீசல் பர்னர்தான். புகை ரொட்டியைத் தொடாது, வெப்பமாற்றி வழியாகச் சூடான காற்று மட்டும் உள்ளே போகும். சாலை போடும் தார்க் கலவை ஆலையில் ஜல்லியைக் காயவைத்து 160 டிகிரிக்குச் சூடாக்குவது எண்ணெய் பர்னர். சாய ஆலைகளிலும் மருந்து ஆலைகளிலும் விறகோ எரிவாயுவோ தோதுப்படாத இடங்களில் சிறிய பாய்லர்கள் டீசலில் ஓடுகின்றன. நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கும் எண்ணெய் வேண்டும் என்றால் நம்புவீர்களா? குளிர்ந்து கிடக்கும் பாய்லருக்குள் நிலக்கரித் தூளை ஊதினால் அது பற்றாது. முதலில் எண்ணெயை எரித்து உலையைச் சூடேற்றி, பிறகுதான் நிலக்கரியைக் கொடுப்பார்கள். இதற்காக யூனிட்டுக்கு அரை மில்லிலிட்டர் எண்ணெய் வரை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கில் ஏற்றுக்கொள்கிறது. அடுப்புப் பற்றவைக்கும் விறகுச் சிராய் போல.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் சுழலவிடும் சேற்றுக் கலவையில் ஒரு வகை டீசலை அடிப்படையாகக் கொண்டது. பட்டறையில் உதிரிபாகம் கழுவ, துருப்பிடித்த நட்டைத் தளர்த்த என்று சில்லறை உபயோகங்களுக்குக் கணக்கே இல்லை. உங்கள் ஸ்டோர்ஸில் ‘கிளீனிங்’ என்ற பெயரில் எவ்வளவு போகிறது என்று ஒரு முறை கூட்டிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

உங்கள் ஆலைக்கு நேரடியாகப் பொருந்துவது அவசர மின்சாரம். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிண்டில்கள், அதாவது கதிர்கள், சுற்றுகின்றன. மின்சாரம் திடீரென்று போனால் இழைகள் கொத்துக்கொத்தாக அறும். மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றையும் பெண்கள் கையால் இணைக்க வேண்டும். 2012இல் கோவை, திருப்பூர் பகுதியில் நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் அவசரத்துக்கு என்ற எண்ணமே அப்போது மாறி, ஜெனரேட்டர்தான் மின்சாரம், மின்வாரியம் வந்தால் போனஸ் என்றாகிவிட்டது. லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய இன்றைய நிலையில் டீசல் மின்சாரம் யூனிட்டுக்கு 25 ரூபாய் போல ஆகிறது, அதுவும் எண்ணெய்ச் செலவு மட்டும். மின்வாரியக் கட்டணத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஜி.எஸ்.டி.க்குள் டீசல் வராததால் உள்ளீட்டு வரிக் கழிவும் கிடைக்காது. வணிகவியல் படித்தவர், இந்த இடம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனை, தரவு மையம், அணுமின் நிலையம் எல்லாமே கடைசித் துணையாக நம்புவது டீசல் ஜெனரேட்டரைத்தான். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் மின்கம்பிகளை அறுத்ததும் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகவே கிளம்பின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து, தாழ்ந்த இடத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. ஆறாம் உலையைச் சேர்ந்த, தண்ணீருக்குப் பதிலாகக் காற்றால் குளிரும் ஒரு ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாம், ஆறாம் உலைகள் உருகாமல் தப்பியது அந்த ஒன்றால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அடித்தளத்தில் வைத்த ஜெனரேட்டர்கள் தண்ணீரில் நின்றன. உங்கள் ஆலையின் ஜெனரேட்டர் அறை மழைநீர் தேங்கும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு மனசுக்கு நெருக்கமானது அதுதான். பொறி கேட்காத என்ஜின் என்றேன். பொறி செய்யும் வேலையை எண்ணெயே செய்ய வேண்டும் என்பது அதன் மறுபக்கம். பீய்ச்சியதும் எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதைச் சீட்டேன் எண் என்று அளக்கிறார்கள். நம் பிஎஸ்-6 டீசலுக்குக் குறைந்தபட்சம் 51. அது குறைந்தால் பற்றத் தாமதித்து, தேங்கிய எண்ணெய் மொத்தமாக எரிந்து என்ஜின் ‘டக்’கென்று தட்டும். இன்னொரு புறம், டீசலை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அளந்து பீய்ச்சும் பம்பும் நாசிலும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் வேலை செய்கின்றன. புதிய என்ஜின்களில் அழுத்தம் 2,000 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு வரை போகிறது. அந்தப் பாகங்களுக்கு உராய்வு எண்ணெயும் டீசலேதான், வேறு எதுவும் அங்கே எட்டாது.

இதனால்தான் மண்ணெண்ணெய்க் கலப்படம் இவ்வளவு கேடு. என்ஜின் ஓடும், புகைகூடக் குறையலாம், ஆனால் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் சேர்ப்பதே இதைக் கண்டுபிடிக்கத்தான். டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைத்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது. ஆகவே வழவழப்புக்கென்று தனி மருந்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

கலப்படத்தைவிட எனக்கு அதிகப் பயம் தண்ணீர். 2012 ஐப்பசி மழையில் ஓர் இரவு, எங்கள் இரண்டு ஜெனரேட்டர்களும் பத்து நிமிட இடைவெளியில் நின்றுவிட்டன. ஃபில்டரைக் கழற்றினால் பழுப்பு நிறத்தில் கோழை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியிருக்கும், அவற்றின் கழிவு அது. நாசில்கள் போயின, இரண்டு ஷிப்ட் போயிற்று. தண்ணீர் கலந்து விற்றுவிட்டார் என்று டீசல் கொடுத்தவரோடு மூன்று நாள் சண்டை போட்டோம். நான்காம் நாள் தொட்டியின் மேலே ஏறிப் பார்த்தவன் நான். தொட்டிக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயின் மூடியைக் காணவில்லை. எப்போது போனதோ, மழை நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

மூடி ஒழுங்காக இருந்தாலும் தண்ணீர் வரும். பகலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், சுவரில் வியர்த்து அடியில் தேங்கும். தொட்டி காலியாக இருக்க இருக்க இது அதிகம். நிரப்பி வைப்பதே நல்லது. அப்படிச் சேமிக்கச் சட்ட எல்லை ஒன்று உண்டு. மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம், அதாவது 200 லிட்டர் பேரல் பன்னிரண்டு வரை. அதற்கு மேல் தொட்டியில் வைப்பதென்றால், பெட்ரோலியப் பாதுகாப்பைக் கவனிக்கும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அரசு அமைப்பின் உரிமம் தேவை. உங்கள் ஆலையின் உரிமம் எந்தக் கோப்பில் இருக்கிறது, எப்போது காலாவதி என்று முதல் வாரத்திலேயே தேடிவிடுங்கள்.

டேங்கர் லாரி வரும்போது டிப் ராடு எனும் அளவுகோலை உள்ளே விட்டு அளப்பார்கள். ராடின் நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவச் சொல்லுங்கள், தண்ணீர் பட்ட உயரம் வரை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பாருங்கள். பார்த்த எண்ணை 15 டிகிரிக்கு மாற்றிய பிறகே சலானில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். அளவிலும் வெப்பம் விளையாடும். ஒரு டிகிரி குறைந்தால் ஆயிரம் லிட்டருக்கு எண்ணூறு மில்லி போலச் சுருங்கும். மதியம் ஏற்றிய 12,000 லிட்டர், ஐந்து டிகிரி குளிர்ந்து அதிகாலையில் உங்கள் வாசலுக்கு வந்தால் ஐம்பது லிட்டர் குறைவாகத் தெரியும். அதற்காக ஓட்டுநரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். ஐம்பதுக்கு மேல் குறைந்தால் சொல்லலாம்.

ஜெனரேட்டரைச் சும்மா குறைந்த பளுவில் மணிக்கணக்கில் ஓட்டும் பழக்கம் சில ஆலைகளில் உண்டு. முப்பது சதவீதத்துக்கும் குறைவான பளுவில் சிலிண்டர் போதிய அளவு சூடாகாது. எரியாத டீசல் சைலன்சரில் கரிய பசையாக வடியும். டீசல் செலவும் ஆகும், என்ஜினும் கெடும். புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஜெனரேட்டர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கும் ஆளை எழுப்பி வெளியே அனுப்புங்கள், குளிர்காலமாக இருந்தாலும். புதிய லாரிகளிலும் பல புதிய ஜெனரேட்டர்களிலும் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதையும் உங்கள் ஸ்டோர்ஸ் பட்டியலில் சேருங்கள். 2021இல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது, டீசல் தாராளமாக இருந்தும் தென்கொரியாவின் லாரிகள் நின்றுபோகும் நிலை வந்தது.

காற்றாலை, சூரியத் தகடு, பேட்டரி எல்லாம் வந்துவிட்டனவே, டீசல் இன்னும் எத்தனை நாள் என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ரயில் பெருமளவு மின்சாரத்துக்குப் போய்விட்டது. பாய்லர்கள் எரிவாயுவுக்குப் போகும். தினமும் ஓடும் ஜெனரேட்டர் குறையும். ஆனால் மின்சாரக் கம்பி போகாத இடத்தில் பாறையைத் துளைக்கும் ரிக்கும், ஆழ்கடலுக்குப் போகும் படகும், மாதத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் தேவைப்படும் ஜெனரேட்டரும் என் ஆயுளுக்குள் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு மணி நேர ஜெனரேட்டர் உங்களுக்குக் கூடுதல் வேலை வைக்கும். டீசல் தொட்டியிலேயே கிடந்து பழசாகும். ஆறு மாதம், அதிகம் போனால் ஓர் ஆண்டு. அதற்குள் ஓட்டித் தீர்த்துப் புதிது ஊற்ற வேண்டும்.

திங்கட்கிழமை காலையில், ஜெனரேட்டர் ஓடுவதற்கு முன், ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலோடு தொட்டியின் அடிக்குழாய்க்குப் போங்கள். இரவெல்லாம் அசையாமல் கிடந்திருப்பதால் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். கால் லிட்டர் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே பத்து நிமிடம் வையுங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால், கோடு மறையும் வரை குழாயைத் திறந்து வடித்துவிட்டு, எத்தனை லிட்டர் வடிந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து வடிந்தால் தொட்டியின் மேலே ஏறி மூச்சுக்குழாயின் மூடியைப் பாருங்கள்.